மீட்டர் பல்பு: குன்றக்குடியில் ஒரு புல்லட்டும் அதன் வெளிச்சமும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்னப் பொருளைப் பற்றி. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். எரியும்போது யாரும் கவனிக்க மாட்டோம். எரியாமல் போனாலும் பல பேர் வருஷக்கணக்கா அப்படியே விட்டுடுவோம். பைக்கோட மீட்டருக்குள்ளே இருக்கிற பல்பைத்தான் சொல்றேன்.

"இதுக்கு ஒரு எபிசோடா"ன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டில் இந்தப் பல்பு ஒரு வண்டியையே விற்கிற அளவுக்குக் கொண்டுபோயிடுச்சு. அதை மாற்றப் போன இடத்தில்தான் இந்தக் கதை கிடைத்தது.

தைப்பூசத்துக்கு முந்தைய ராத்திரிகள்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் குன்றக்குடி. ஒரு பாறைக் குன்று, மேலே சண்முகநாதர் கோயில், கீழே திருமடம், சுற்றிலும் மயில் சத்தம். அதுதான் எங்க ஊர். நான் வேலைக்குச் சென்னை வந்து பல வருஷம் ஆச்சு. ஆனா தைப்பூச சமயத்தில் மட்டும் எப்படியாவது ஊருக்குப் போயிடுவேன். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கிளம்பும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடித்தான் பழனிக்கு நடைப்பயணம் தொடங்கும். அந்த நாட்களில் ராத்திரி, விடியற்காலைன்னு பார்க்காமல் ரோட்டோரம் ஜனங்கள் நடந்துகிட்டே இருப்பாங்க.

அப்பாவுக்கு வயசு 68. நடந்து போறவங்களுக்குச் சுக்குக் காப்பி கொடுக்கிற இடத்துக்கு, விடியற்காலை நாலு மணிக்குப் பால் கேனை வண்டியில் கட்டிக்கிட்டுப் போவார். வண்டி, 1980-களின் தொடக்கத்தில் வாங்கிய புல்லட் 350. போன தடவை நானும் பின்னாடி உட்கார்ந்து போனேன். வழியில் ஒரு தெருவிளக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். செல்போன் டார்ச்சைப் போட்டு மீட்டரைப் பார்த்தார்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"பெட்ரோல் போட்டு எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்குன்னு பாக்குறேன்."

பழைய புல்லட்டில் பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு காட்டுகிற முள் கிடையாது. ஓடின தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போடணும். "மீட்டர்ல லைட் இல்லையா?"ன்னு கேட்டேன். "அது போயி ரெண்டு வருஷமாச்சு"ன்னார். "அப்ப ராத்திரியில எவ்வளவு வேகத்துல போறீங்கன்னு எப்படித் தெரியும்?" அதுக்கு அவர், "சத்தம் சொல்லும்டா" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்தே ஒரு தீர்ப்பு கொடுத்தாங்க. "மீட்டர் எரியாத வண்டி, கண்ணு சரியாத் தெரியாத மனுஷன். ரெண்டுல ஒண்ணை வித்துரணும். மனுஷனை யாரும் வாங்க மாட்டாக."

அம்மா விளையாட்டாச் சொன்னாலும் விஷயம் விளையாட்டு இல்லை. ரோட்டோரம் வெறுங்காலோடு, விளக்கு இல்லாமல் ஜனங்கள் நடக்கிறாங்க. இயற்பியல் கணக்கு ரொம்ப எளிது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. 30-ல் போகிறோமா 60-ல் போகிறோமா என்பது ஒரு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல வேண்டிய மீட்டர் அப்பாவோட கைக்கு முன்னாடியே இருக்கு. இருட்டில் தெரியலை, அவ்வளவுதான்.

அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். நான் சென்னைக்குத் திரும்புறதுக்குள்ளே மீட்டர் எரியணும். இல்லைன்னா வண்டியை விற்கிறது பற்றிப் பேசணும். அப்பா ஒண்ணும் சொல்லலை. எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பிச்சார்.

மீட்டருக்கு மின்சாரம் வேண்டாம், நமக்குத்தான் வேண்டும்

பழைய பைக்குகளின் மீட்டர் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஒரு கேபிள் மேலே மீட்டர் வரைக்கும் வரும். மீட்டருக்குள்ளே அந்தக் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்துக்கு மேலே ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஆனாலும் காந்தம் சுற்றும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். வேகம் கூடக் கூட இழுவையும் கூடும், முள் ஏறும். இந்த வகை மீட்டருக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸ 1902-ல் காப்புரிமை வாங்கினார். நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க ஓடிய தொழில்நுட்பம்.

ஆக, பேட்டரியே இல்லாத வண்டியில்கூட முள் சரியாக ஆடும். மின்சாரம் தேவைப்படுவது அதை நம்ம கண்ணுக்குக் காட்டுவதற்கு மட்டும்தான். அந்த வேலையைச் செய்கிறது இந்த ஒரு பல்பு. வெறும் 3 வாட் மாதிரிதான் இழுக்கும்.

தொடக்க காலத்தில் அதுவும் இல்லை. 1900-களின் மோட்டார் சைக்கிள்களில் முன் விளக்கே கார்பைடு விளக்குதான். கால்சியம் கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசெட்டிலின் வாயு வரும், அதைப் பற்ற வைப்பார்கள். அப்போதைய மின்விளக்கில் இருந்தது கார்பன் இழை. ரோட்டில் வண்டி குதிக்கும் குதியை அது தாங்காது. 1910 வாக்கில் அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ், டங்ஸ்டன் உலோகத்தைக் கம்பியாக இழுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் வேண்டும். அந்தக் கம்பி வந்த பிறகுதான் வண்டிகளில் மின்விளக்கு நிலைத்து நிற்க ஆரம்பித்தது. 1920-களில் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பற்றவைப்பு மின்சாரத்தையும் விளக்கு மின்சாரத்தையும் ஒரே கருவியில் கொடுக்கிற 'மேக்டைனோ' வந்தது. முன் விளக்கு, பின் விளக்கு வந்ததும், மீட்டருக்கும் ஒரு குட்டி பல்பு கொடுக்கலாமே என்றாயிற்று.

இருட்டின் இளவரசன்

அந்த மேக்டைனோவைச் செய்த கம்பெனி லூகாஸ். இங்கிலாந்தின் பர்மிங்காமில் வண்டியில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கிய ஜோசப் லூகாஸ் என்பவர் ஆரம்பித்தது. 1870-களின் கடைசியில் 'கிங் ஆஃப் த ரோடு', அதாவது 'சாலையின் ராஜா' என்ற பெயரில் சைக்கிள் விளக்கு விற்றார். பிறகு கார், மோட்டார் சைக்கிள் மின்சாதனங்கள். பிரிட்டிஷ் வண்டிகளில் பாதி ராத்திரியில் லைட் போவது அவ்வளவு சகஜம் என்பதால், வண்டிப் பிரியர்கள் லூகாஸுக்கு வைத்த பட்டப்பெயர் 'இருட்டின் இளவரசன்'. ராஜாவாக ஆரம்பித்து இளவரசனாக இறங்கிட்டார், பாவம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 1949-ல் சென்னையில் கே.ஆர். சுந்தரம் ஐயர் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்தார். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்தது. அதற்கு மேலும் முழு வண்டியாகக் கப்பலில் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. 1955-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்கின. 1956-ல் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்தது. முதல் வருஷம் பாகம் பாகமாக இங்கிலாந்திலிருந்து வந்ததைப் பூட்டியதுதான். அந்த ஆண்டு முடிய மொத்தம் 163 வண்டிகள்.

அதே 1956-ல்தான் நாட்டை மெட்ரிக் அளவைக்கு மாற்றும் சட்டமும் வந்தது. மைல் போய் கிலோமீட்டர் வரத் தொடங்கிய காலம். அதாவது ஒரு பக்கம் வண்டி இந்தியாவுக்கு மாறுது, இன்னொரு பக்கம் மீட்டர் காட்ட வேண்டிய எண்ணே மாறுது.

புல்லட்டின் தலையைப் பார்த்திருப்பீங்க. ஹெட்லைட்டும், மேலே மீட்டரும், பக்கத்தில் ஆம்ப்மீட்டரும், இரண்டு ஓரத்திலும் பூனைக்கண் மாதிரி குட்டி பார்க் லைட்டும் ஒரே வார்ப்புக்குள்ளே இருக்கும். 1950-களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு கொண்டுவந்த வடிவம். அவங்க வைத்த பெயர் 'காஸ்கெட்'. பிரெஞ்சு மொழியில் தொப்பின்னு அர்த்தம். இங்கிலாந்தில் 1970-ஓடு ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு நின்றுபோச்சு. தொப்பி மட்டும் திருவொற்றியூரில் தொடர்ந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட்டையே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி பண்ண ஆரம்பிச்சாங்க. மாட்டை விற்றவன் வீட்டுக்கே பால் கொண்டுபோய் ஊற்றின மாதிரி.

பாடி, கோயம்புத்தூர், காரைக்குடி

வண்டியை இங்கே செய்தால் மட்டும் போதுமா? அதுக்குள்ளே இருக்கிற சின்னச் சின்ன சாமான்? எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

1961-ல் அந்த லூகாஸ் கம்பெனியும் மதுரையில் பிறந்த டி.வி.எஸ் நிறுவனமும் சேர்ந்து 'லூகாஸ் டிவிஎஸ்' தொடங்கின. தொழிற்சாலை சென்னை பாடியில். வண்டிகளுக்கான டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரியான மின்சாதனங்கள் இங்கேயே உற்பத்தியாகின. இளவரசன் சென்னைக்குக் குடிவந்துட்டார்.

மீட்டருக்கு வருவோம். 1975-ல் கோயம்புத்தூரில் 'பிரீமியர் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ்' என்ற கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. இப்போ 'பிரிக்கால்'னு சொன்னால் வண்டி ஓட்டுற எல்லாருக்கும் தெரியும். மீட்டர் டயலைக் கூர்ந்து பார்த்தால் பல வண்டிகளில் அந்தப் பெயர் இருக்கும். 1980-களில் ஜப்பான் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தபோது, ஓசூரிலும் தில்லிப் பக்கத்திலும் புனேயிலும் வண்டி செய்தவங்களுக்கு லட்சக்கணக்கில் மீட்டர் தேவைப்பட்டது. இந்தியாவின் ராத்திரி ரோடுகளில் எரிந்த மீட்டர்களில் பெரும்பங்கு கோவையில் பிறந்தது.

எங்க ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. பல்பு எரிய பேட்டரி வேணுமே. 1948 ஜூலை 25-ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது காரைக்குடிக்கு வந்தது. 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, அரிமானம், அதாவது துரு, இதெல்லாம் அங்கே முக்கியமான ஆராய்ச்சிகள். எங்க ஊர்த் திருமடத்தில் இருந்த குன்றக்குடி அடிகளார் அங்கிருந்த விஞ்ஞானிகளைச் சும்மா விடலை. கிராமத் திட்டம்னு ஒன்றைத் தொடங்கி, அறிவியலைக் கிராமத்துத் தொழிலுக்குப் பயன்படுத்த அவங்களைக் குன்றக்குடிக்கே வரவழைத்தார்.

துருவைப் பற்றி உலகத்தரத்தில் ஆராய்ச்சி நடக்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டரில், எங்க அப்பாவோட வண்டி துருப்பிடிச்சு நிக்குது. அடுத்த பகுதியில் பாருங்க, பிரச்சினையே அதுதான்.

"பல்பு போகலை தம்பி"

நான் சென்னையிலிருந்து ஒரு பாக்கெட் எல்இடி பல்பு வாங்கிட்டுப் போயிருந்தேன். பத்து பல்பு, நல்ல நீல வெளிச்சம். ஊரில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பட்டறைக்கு வண்டியை எடுத்துட்டுப் போய் அதைக் காட்டினேன். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது பன்னெண்டு வோல்ட்டு. இந்த வண்டி ஆறு வோல்ட்டு. அதோட இது கண்ணாடி அடி, கேப்லெஸ்ஸு. உங்க ஹோல்டர் பித்தளை அடிக்கு உள்ளது. எதுலயும் சேராது தம்பி. அகல் விளக்குல டியூப் லைட்டை மாட்டுற மாதிரி."

முதல் வேலையா பேட்டரி ஒயரைக் கழட்டினார். ஹெட்லைட் வளையத்துக்கு மேலே ஒரு ஸ்க்ரூ. அதைத் தளர்த்தினதும் வளையம் கண்ணாடியோட கையில் வந்தது. உள்ளே கைவிட்டு, மீட்டருக்கு அடியில் தடவி, ஹோல்டரை மெதுவாக இழுத்தார். பல்பு வெளியே வந்தது. கண்ணாடி லேசாகக் கறுத்திருந்தது. டங்ஸ்டன் சூட்டில் ஆவியாகி உள்பக்கம் படிகிற கறுப்பு அது. ஆனால் இழை அறுபடலை. நேராக பேட்டரியில் வைத்துத் தொட்டார். எரிஞ்சது!

"பல்பு போகலை தம்பி. எர்த்து போச்சு."

அதாவது, மின்சாரம் பல்புக்குப் போக ஒரு ஒயர் இருக்கும். திரும்பி பேட்டரிக்கு வர, பெரும்பாலும் வண்டியோட இரும்பு உடம்பே வழி. அதைத்தான் எர்த் என்கிறோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா ஆசையா வண்டிக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சார். எர்த் ஒயர் உடம்பைத் தொடுற இடத்திலும் பெயிண்ட் ஏறியிருக்கு. ஓரத்தில் துரு. ஹோல்டர் பித்தளையில் பச்சை பூத்திருக்கு. கரண்ட் திரும்பி வர வழியில்லை.

இங்கே 6 வோல்ட் என்பது முக்கியம். 3 வாட் பல்பை எடுத்துக்குவோம். 12 வோல்ட்டில் அது கால் ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் அரை ஆம்பியர். வழியில் துருவால் 1 ஓம் தடை இருந்தால், 12 வோல்ட் வண்டியில் இழப்பு கால் வோல்ட், அதாவது 2 சதவீதம். 6 வோல்ட் வண்டியில் இழப்பு அரை வோல்ட், 8 சதவீதத்துக்கும் மேல். அதே துரு, நாலு மடங்கு பாதிப்பு. இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் ரொம்பக் குறையும். 8 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ கால்வாசி வெளிச்சம் போயிடும். பழைய வண்டிகளில் லைட் மங்கலாக இருந்ததுக்குப் பல நேரம் பல்பு காரணமே இல்லை, வழிதான் காரணம். உலகமே 12 வோல்ட்டுக்கு மாறினதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

மாறாக வோல்ட் கூடினால்? பல்புக்கு ஆயுசு குறையும். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும். பேட்டரி வழியாகப் போகாமல் காயிலிலிருந்து நேராக லைட் எரிகிற சின்ன வண்டிகளில் ஒரு விசித்திரம் நடக்கும். எல்லா பல்பும் சேர்ந்து இழுக்கிறதால்தான் வோல்ட் கட்டுக்குள் இருக்கும். ஓடும்போது ஹெட்லைட் பல்பு போனால், அதன் பங்கும் சேர்ந்து பின் பல்புக்கும் மீட்டர் பல்புக்கும் பாயும். அடுத்தடுத்து எல்லாம் பியூஸ். 80-கள், 90-களில் ராத்திரி பைக் ஓட்டினவங்களைக் கேளுங்க, ஒரே நொடியில் மொத்தமா இருட்டான கதை ஒன்று கட்டாயம் வச்சிருப்பாங்க.

பல்பு கம்பெனிகள் சேர்ந்து சதி பண்ணித்தான் பல்பு சீக்கிரம் போகுதுன்னு ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. 1924-ல் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூட்டுச் சேர்ந்து, வீட்டு பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தன. ஆனா புல்லட் மீட்டர் பல்பு போறதுக்கு ஜெனீவா வரைக்கும் போக வேண்டாம். 346 சிசி, ஒற்றை சிலிண்டர், பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 90 மில்லிமீட்டர் மேலும் கீழும் போகுது. அந்த அதிர்வு போதும்.

அண்ணன் உப்புத்தாளை எடுத்து எர்த் தொடுற இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டினார். ஹோல்டர் உள்ளே ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தார். ஹோல்டரிலிருந்து நேராக ஓர் எர்த் ஒயரும் தனியாக இழுத்தார். பழைய பல்பு கறுத்திருந்ததால் 6 வோல்ட்டில் புதுசு ஒன்றைத் தேடி எடுத்தார். பித்தளை அடியில் வோல்ட்டும் வாட்டும் பொறிச்சிருக்கும், ரெண்டும் பழசோடு ஒத்துப்போகணும். "வெளிச்சம் வேணும்னு வாட்டைக் கூட்டிப் போட்டா சூட்டுல மீட்டர் முகம் பழுத்துரும்"னு சொன்னார். மொத்தம் முக்கால் மணி நேரம். அதில் பாதி டீ.

திறக்க முடியாத மீட்டர்

எல்இடி கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. 1962-ல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு எல்இடியைச் செய்தார். நீலம் மட்டும் முப்பது வருஷம் போக்குக் காட்டியது. 1993-ல் ஜப்பானின் ஷுஜி நாகமுரா பிரகாசமான நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அதுக்காக 2014-ல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூன்று பேருக்கும் இயற்பியல் நோபல். எல்இடியில் அறுந்துபோக இழை இல்லை, அதிர்வு அதை ஒன்றும் செய்யாது. பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 12 வோல்ட் பழைய வண்டிக்குத் தாராளமாகப் போடலாம். ஒரு விஷயம் மட்டும் பார்க்கணும்: எல்இடிக்குத் திசை உண்டு. எரியலைன்னா பிடுங்கித் திருப்பிப் போடுங்க. பழைய பிரிட்டிஷ் லூகாஸ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த், அங்கே எல்லாமே தலைகீழ்.

என் கவலை வேற. சென்னையில் நான் ஓட்டுகிற வண்டி சில வருஷம் முன்னாடி வாங்கினது. டிஜிட்டல் மீட்டர். போன மழைக்காலத்தில் திரையில் ஒரு பாதி வெளிச்சம் போச்சு. சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனேன். "மீட்டரைத் திறக்க முடியாது சார், செட்டாத்தான் மாத்தணும்"னாங்க. சொன்ன தொகையைக் கேட்டு, இப்போ வரைக்கும் பாதி வெளிச்சத்தில்தான் ஓட்டுறேன். அப்பாவைக் கேள்வி கேட்ட ஆள் நான்!

பழைய மீட்டரை வடிவமைத்தவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சிருந்தது: பல்பு போகும். அதனால்தான் கை நுழைய இடம் விட்டாங்க, இழுத்தால் வருகிற ஹோல்டர் வச்சாங்க, பல்பின் அடியிலேயே அளவைப் பொறிச்சாங்க. புது மீட்டர் போகவே போகாதுங்கிற நம்பிக்கையில் ஒட்டப்பட்டிருக்கு. பெரும்பாலும் போகிறதும் இல்லை, அதையும் சொல்லணும். ஆனா போனால், குன்றக்குடி அண்ணனால் ஒண்ணும் பண்ண முடியாது.

இதைப் பற்றி அரசும் யோசிக்குது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. செல்போன், வீட்டுச் சாதனங்கள், விவசாயக் கருவிகளோடு மோட்டார் வாகனங்களும் அந்தப் பட்டியலில் இருக்கு. உதிரிபாகமும் பழுதுபார்க்கும் விவரமும் வாங்கினவங்களுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கணும் என்பதுதான் கேள்வியின் சாரம். பேரைக் கேட்டால் பெரிய சட்ட விவகாரமாத் தெரியும். எனக்கு அது முக்கால் மணி நேரமும் ஒரு துண்டு உப்புத்தாளும்தான்.

திருவொற்றியூர், பாடி, கோவைன்னு நாம பேசின வரலாறு வெறும் தொழிற்சாலை வரலாறு இல்லை. அங்கே செய்த சாமானைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பட்டறைகளும் அந்த வரலாற்றில் சேர்த்திதான். திறக்க முடிந்ததால்தான் கற்க முடிந்தது. பிறகு திறக்கவே விடாத மீட்டர் வந்தால் அடுத்த தலைமுறை மெக்கானிக் எங்கே உட்கார்ந்து கற்பான்? எனக்கு இதில் ஆத்திரம் இல்லை, நிஜமான சந்தேகம்தான்.

விடியற்காலை நாலு மணி

நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் விடியற்காலை. அப்பா பால் கேனைக் கட்டினார். லைட் ஸ்விட்சைப் போட்டார். மீட்டரில் வெளிச்சம் வந்தது. நான் நினைச்ச மாதிரி பளிச்சுன்னு எல்லாம் இல்லை. தேன் நிறத்தில் மங்கலா ஒரு வெளிச்சம், எண்கள் தெரியும் அளவுக்கு. அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னார்.

நான் பின்னாடி ஏறிக்கிட்டேன். காவடிக் கூட்டம் ஓரமாகப் போய்க்கிட்டிருந்தது. அப்பாவோட தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முள் 40-ஐத் தாண்டியிருந்தது.

"சத்தத்துல எவ்வளவுன்னு நெனைச்சீங்க?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "முப்பது இருக்கும்னு நெனைச்சேன்" என்றார். முள் மெதுவா இறங்கியது.

வண்டியை விற்கலை. ஆனா மீட்டர் எரியுதுங்கிறதுக்காக 68 வயசுக் கண்ணு 30 வயசுக் கண்ணு ஆயிடாது. அதனால் புது ஒப்பந்தம்: கண் டாக்டரைப் பார்க்கணும், இருட்டில் குன்றக்குடி எல்லையைத் தாண்டக் கூடாது. அம்மா சொன்னாங்க, "வண்டிக்கு முக்கா மணி நேரத்துல பார்வை வந்துருச்சு. உங்கப்பாவுக்கு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கவே ஒரு வாரம் ஆகுது."

உங்க வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய வண்டி ஏதாவது நின்னா, இன்னைக்கு ராத்திரி சாவியைப் போட்டு மீட்டரைப் பாருங்க. எரியலைன்னா பல்பு வாங்க ஓடாதீங்க. முதல்ல எர்த்தைத் தேய்ங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். மெதுவாப் போங்க.